பழைய பாய்மரப் படகின் எஞ்சினும் கொக்பிற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க்கில் என் படகு நிற்கிறது. 1974-இல் சி அன்ட் சி என்ற கம்பனி கட்டிய 27 அடிப் பாய்மரப் படகு. நான் வாங்கியபோது எஞ்சின் ஆறு வருடமாக ஓடாமல் கிடந்தது. கொக்பிற்றில் கால் வைத்தால் ஓரிடம் மெத்தை மாதிரி அமுங்கியது. மூன்று வருடம் அதோடு மினக்கெட்டேன். இப்போது பழைய படகு வாங்கியவர்களும் வாங்க யோசிக்கிறவர்களும் சித்திரை பிறந்ததும் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கொக்பிற் என்பது படகின் பின்பக்கத்தில் சுக்கான் பிடித்து உட்காரும் பள்ளம். பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச், எஞ்சின் திறப்பு, அளவுமானிகள் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அண்ணை, அம்பது வருசப் படகைத் திருத்திறது பிரயோசனமோ, காசு கரியாகுமோ?

ஃபைபர் கிளாஸ் உடம்பு மரம் மாதிரி உக்காது. ஒன்ராறியோ ஏரி நன்னீர். உப்புத் தண்ணீரில் கிடந்த படகோடு ஒப்பிட்டால் இங்கத்தைய எஞ்சினும் இரும்புச் சாமான்களும் பல மடங்கு நல்ல நிலையில் இருக்கும். பருவமும் வருடத்தில் ஐந்து ஆறு மாதம்தான், மிச்ச நாள் படகு கரையில் நிற்கும். ஒன்ராறியோவிலேயே, நயாகரா ஒன் த லேக்கில் பெரிய தொழிற்சாலை வைத்திருந்த கம்பனி சி அன்ட் சி. 1969-இல் நாலு நிறுவனங்கள் சேர்ந்து உருவானது. அதன் படகுகள் இங்கே நிறைய இருப்பதால் தெரிந்தவர்களும் சாமான்களும் கிடைப்பது கஷ்டமில்லை.

ஆனால் இதை லாபக் கணக்காகப் பார்த்தால் வேண்டாம். போட்ட காசு விற்கும்போது திரும்பாது. நான் வல்வெட்டித்துறை ஆள். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை பாயில் ஓடிப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்குப் படகைத் திருத்துவது செலவாகத் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது ஒரு காரணம் இருந்தால் இறங்குங்கள்.

எஞ்சின்ல அற்றோமிக் ஃபோர் எண்டு எழுதியிருக்கு. அது என்ன சாமான்?

அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து ஒஷ்கொஷ் நகரில் யுனிவர்சல் கம்பனி செய்த நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். 1947-இல் தொடங்கி 1980-களின் நடுப்பகுதி வரை சுமார் 40 ஆயிரம் செய்தார்கள். கொள்ளளவு ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் கூட, வலு 30 குதிரை, எடை 300 இறாத்தலுக்கு மேல். இதற்கு முந்திய யுற்றிலிற்றி ஃபோர் எஞ்சின் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் உயிர்காப்புப் படகுகளில் ஓடியது.

வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய அமைப்பு இது. கம்பியூட்டர் கிடையாது, உயர் அழுத்தப் பம்ப் கிடையாது. தீப்பொறி, பெற்றோல், காற்று, குளிர்த்தண்ணீர் இந்த நாலும் சரியாக இருந்தால் ஓடும். ஓடாவிட்டால் குற்றம் இந்த நாலில் ஒன்றில்தான். தொழில் தெரியாதவரும் கற்றுக்கொண்டு திருத்தக்கூடிய எஞ்சின். இன்றைக்கும் இதற்கு உதிரிப்பாகம் கிடைக்கிறது.

பெற்றோல் எஞ்சின் படகுக்குள்ள வெடிக்காதோ? மனுசி பயப்பிடுறா.

அவ பயப்படுவது சரி. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம். காரில் ஒழுகினால் கீழே போய்க் கலைந்துவிடும். படகில் அடிக்குழியில் இறங்கி அங்கேயே தேங்கி நிற்கும், ஒரு சின்னத் தீப்பொறி போதும். அதனால்தான் எஞ்சினை இயக்குவதற்கு முன் குறைந்தது நாலு நிமிடம், அடிக்குழிக் காற்றை வெளியே தள்ளும் காற்றூதியை ஓடவிட வேண்டும் என்று கனடாப் போக்குவரத்துத் திணைக்களம் சொல்கிறது. அந்த நாலு நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். அப்புறம் எஞ்சின் மூடியைத் திறந்து மூக்கால் மணந்து பாருங்கள். மூக்கைவிட நல்ல கருவி இல்லை. பெற்றோல் நிரப்பிய உடனே இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

ஸ்ரார்ட்டர், ஒல்ரநேற்றர் எதை மாற்றினாலும் படகுக்கென்று செய்ததை வாங்குங்கள். அதில் தீப்பொறி வெளியே வராதபடி அடைப்பு இருக்கும். கார்ச் சாமான் பாதி விலைக்குக் கிடைக்கும், துளைக்குத் துளை பொருந்தும், ஆனால் அந்த அடைப்பு அதில் இல்லை. கார்பரேற்றர் வாயில் தீச்சுவாலையைத் தடுக்கும் வலைமூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய படகுகளில் யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். ரப்பர் எரிபொருள் குழாயில் படகுக்கான தர எழுத்து அச்சிட்டிருக்கும். எழுத்து தெரியாத அளவுக்குப் பழசாகிவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

எஞ்சின் சுத்துதே இல்லை. ஸ்ரார்ட்டரைக் குடுத்தா "டக்" எண்டுட்டு நிக்குது. இறுகிப் போச்சோ?

முதலில் பற்றரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். பற்றரி நல்லதென்றால் ஸ்ரார்ட்டரை விட்டுவிடுங்கள். இறுகிய எஞ்சினில் ஸ்ரார்ட்டரால் திரும்பத் திரும்ப அடித்தால் ஸ்ரார்ட்டர் எரியும், இல்லாவிட்டால் உள்ளே ஏதாவது வளையும்.

நாலு ப்ளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துருவில் ஊடுருவும் மெல்லிய ஒயில் விடுங்கள். மார்வல் மிஸ்ரறி ஒயில் என்று விற்பதுதான் இந்த எஞ்சின்காரர்கள் வழக்கமாக விடுவது. விட்டுவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள். மறுநாள் வந்து கையால் மட்டும் அசைத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் கைப்பிடி மாட்டும் இடம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் கியரைப் போட்டுவிட்டுப் பின்னால் சுழல்தண்டில் பிடித்து. இரண்டு பக்கமும் மெதுவாக, ஆட்டுவது மாதிரி.

எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வருவேன், ஒயில் விடுவேன், கைப்பிடியில் என் பாரத்தைச் சாய்ப்பேன், வீட்டுக்குப் போவேன். ஒன்பதாம் நாள் கைப்பிடி ஒரு விரலளவு நகர்ந்தது. சத்தமே இல்லை, தேனில் கரண்டி நகர்ந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் போகவில்லை. திரும்பவும் ஒயில் விட்டேன். அடுத்த நாள் கால் சுற்று, அதற்கடுத்த நாள் முழுச் சுற்று. ஒரு நீளக் குழாயை மாட்டி முதல் நாளே நெம்பியிருந்தால் பிஸ்டன் வளையங்களை உடைத்திருப்பேன்.

சுத்துது, ஆனா கம்பிரெசன் பாக்கச் சொல்லினம். எவ்வளவு இருக்கோணும்?

கம்பிரெசன் என்பது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 90 முதல் 100 இறாத்தல் வரை காட்டும். கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, நாலும் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட இருப்பதுதான் முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் பூச்சியம் காட்டினால் பெரும்பாலும் அதில் ஒரு வால்வு திறந்தபடி ஒட்டியிருக்கிறது. நெடுநாள் கிடந்த எஞ்சினில் இது சாதாரணம். அதற்காக எஞ்சினை வெளியே எடுக்க வேண்டாம். பக்கத்து மூடியைக் கழற்றி, வால்வுத் தண்டில் அதே ஒயிலை விட்டு, மெதுவாக ஏற்றி இறக்கி விடுவிக்கலாம். எல்லாச் சிலிண்டரும் குறைவாக இருந்தால் எஞ்சினைக் கொஞ்ச மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்துவிட்டு முடிவெடுங்கள். என்னுடையது முதல் நாள் 70-களில் நின்றது, ஒரு கோடை ஓடிய பிறகு 90-ஐத் தாண்டியது.

கன நேரம் ஸ்ரார்ட்டரை அடிச்சன். இப்ப ஒயில் பால் மாதிரி வெள்ளையாக் கிடக்கு!

எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது. இதை இன்றைக்கே கவனிக்க வேண்டும், வார இறுதி வரை விடக்கூடாது.

நடந்தது இதுதான். எஞ்சின் சுழன்றாலே தண்ணீர்ப் பம்பும் ஏரித் தண்ணீரை இழுத்துப் புகைக்குழாய்க்கு அனுப்பும். எஞ்சின் பற்றிக்கொண்டால் புகையின் அழுத்தம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பற்றாமல் வெறுமனே சுழன்றால் தள்ள அழுத்தமில்லை. தண்ணீர் புகைக்குழாயில் உள்ள புகைப்பெட்டியில் நிரம்பி, மேலேறி, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். ஆகவே எஞ்சின் முதல் இரண்டு தரத்தில் பற்றாவிட்டால், தண்ணீர் உள்ளே வரும் அடிவால்வை மூடிவிட்டு முயற்சி செய்யுங்கள். பற்றிய அந்தக் கணமே திறந்துவிடுங்கள். மறந்தால் பம்பின் ரப்பர் இறக்கை உலர்ந்து கிழியும். நான் அந்த வால்வை மூடினால் எஞ்சின் சாவியை அதன் பிடியிலேயே தொங்கவிடுவேன்.

இப்போது செய்ய வேண்டியது: ப்ளக்குகளைக் கழற்றிச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள், சிலிண்டர்களில் ஒயில் விடுங்கள், எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள். ஓடவிட்டுச் சூடாக்கி மறுபடி மாற்றுங்கள். ஒயில் தெளியும் வரை மூன்று நாலு தரம் மாற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கே செய்தால் எஞ்சின் தப்பும். இரண்டு கிழமை விட்டால் மேலே சொன்ன இறுகல் கதை திரும்பத் தொடங்கும்.

நல்லா ஸ்ரார்ட் ஆகுது. இருவது நிமிசத்தில இருமி இருமி நிண்டு போகுது. ஆறினாப் பிறகு திரும்ப ஓடுது. பேய் பிடிச்ச மாதிரி.

இந்த எஞ்சினில் மிக அதிகமாகக் கேட்கும் குறை இது. காரணம் இரண்டில் ஒன்று: தீப்பொறி போகிறது, அல்லது பெற்றோல் போகிறது. ஊகிக்காமல், நின்ற அந்த நிமிடமே சோதிக்க வேண்டும். அரை மணி கழித்துச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். சோதிக்கும் முன் காற்றூதியைப் போடுங்கள், மணந்து பாருங்கள், பெற்றோல் குழாய் எதையும் கழற்றியிருக்கும்போது தீப்பொறி பார்க்க வேண்டாம்.

தீப்பொறி இல்லை என்றால் முதல் சந்தேகம், ப்ளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் கொயிலில். சூடேறினால் உள்ளே அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினோடு சேர்த்துப் பூட்டியிருந்தால் கழற்றிச் சுவரில் பூட்டுங்கள். மாற்றுவதானால் 3 முதல் 4 ஓம் தடை உள்ளதாகப் பாருங்கள். குறைந்த தடை உள்ளதைப் போட்டால் கூடுதல் மின்சாரம் ஓடி அதுவும் வெந்துபோகும். தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டு அறுக்கும் பொயின்ற்றின் இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 18 முதல் 20 பங்கு, ப்ளக் இடைவெளி 35 பங்கு.

தீப்பொறி நன்றாக இருந்தால் பெற்றோல் பக்கம். பழைய தாங்கியின் அடியில் சேறு படிந்து, ஓடும்போது உறிஞ்சு குழாயின் வாயில் வந்து ஒட்டும், நின்றதும் விழும். தாங்கியின் மூச்சுக்குழாய் அடைபட்டாலும் இதே மாதிரிதான் நடக்கும். மூடியைத் திறந்ததும் எஞ்சின் திரும்ப ஓடினால் குற்றம் மூச்சுக்குழாயில். என் படகில் அதற்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

சூடு ஏறுது. முள்ளு 200-ஐத் தொடுது.

ஏரித் தண்ணீரை நேராக உறிஞ்சிக் குளிரும் அமைப்பென்றால் 140 முதல் 160 பாகை ஃபரனைற் வரை இருப்பது வழமை. வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். ஒன்ராறியோ ஏரியில் வரிக்குதிரை மட்டி என்று ஒரு சின்னச் சிப்பி பரவியிருக்கிறது, உள்வரும் துளையிலேயே ஒட்டிக்கொண்டு வளரும். அதைச் சுரண்டுங்கள். அடுத்தது பம்பின் ரப்பர் இறக்கை. ஒரு இறக்கை காணவில்லை என்றால் அது குழாய்க்குள் எங்கேயோ இருக்கிறது, தேடி எடுக்காமல் புதியதைப் பூட்டி முடித்துவிடாதீர்கள். பிறகு தண்ணீரின் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தேர்மோஸ்ராற், கடைசியாக எஞ்சின் உடம்புக்குள் படிந்த துரு. தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு வாளி பிடித்து எவ்வளவு வருகிறது என்று ஒவ்வொரு வருடமும் குறித்து வைத்தால் குறைவது முன்கூட்டியே தெரியும்.

இதெல்லாம் தலையிடி. டீசல் ஒண்டு வாங்கிப் பூட்டினா என்ன?

பூட்டலாம். பெற்றோல் ஆவிப் பயம் போகும், அது பெரிய நிம்மதி. ஆனால் எஞ்சினை மட்டும் மாற்றி முடியாது. எஞ்சின் உட்காரும் கட்டை, எரிபொருள் தாங்கி, அதற்குத் திரும்பும் குழாய், புகைக்குழாயின் தடிப்பு, சுழல்விசிறி எல்லாம் மாற வேண்டிவரும். மொத்தச் செலவு 27 அடிப் பழைய படகின் விலையையே தாண்டும். உங்கள் எஞ்சின் உடம்பு வெடித்திருந்தால், அல்லது கடல் தாண்டிப் போகிற எண்ணம் இருந்தால் மாற்றுங்கள். துறையிலிருந்து வெளியே வந்து பாய் விரிக்கும் வரைதான் எஞ்சின் என்றால், இருப்பதைத் திருத்துவதுதான் என் ஆலோசனை.

கொக்பிற்றில நடந்தா அமுங்குது. எதில தொடங்கிறது?

தளம் என்பது இரண்டு ஃபைபர் தகடும் நடுவில் பால்சா மரமும். சி அன்ட் சி இந்த அமைப்பைத்தான் பாவித்தது. பாரம் குறைவு, விறைப்பு கூட. ஆனால் தளத்தில் பூட்டிய ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஆணித்துளை, அதன் பசை காய்ந்ததும் தண்ணீர் துளை வழியாகப் பால்சாவுக்குள் போகும். மரம் உக்கிக் கஞ்சியாகும். மேலே பளபளவென்று பெயின்ற் அடித்தால் இது போகாது.

ஒரு பிளாஸ்ரிக் சுத்தியலால் ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் "டிக்" என்று கூர்மையாகச் சொல்லும், உக்கின இடம் "தப்" என்று மந்தமாகச் சொல்லும். பென்சிலால் எல்லை வரையுங்கள். எனக்கு வந்த வரைபடத்தில் நாலு மந்தமான இடம், நாலின் நடுவிலும் ஒரு கைப்பிடித் தூண் அல்லது வின்ச் நின்றது.

சின்ன இடமென்றால் சாமானைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, வளைந்த ஆணி ஒன்றைத் துளைகருவியில் மாட்டித் தகடுகளுக்கு நடுவே உள்ள ஈர மரத்தைச் சுரண்டி எடுங்கள். நன்றாகக் காயவிடுங்கள், இதற்கு வாரக் கணக்கில் ஆகும். அப்புறம் கீழே ஒட்டுநாடா போட்டு மூடி, சிலிக்காத் தூள் கலந்து தடிப்பாக்கிய எப்பொக்சியால் நிரப்புங்கள். இறுகியதும் அதன் நடுவில் புதுத் துளை போட்டால் தண்ணீர் ஒழுகினாலும் மரத்தைத் தொடாது. குளிரில் எப்பொக்சி இறுகாது. ரொறன்ரோவில் இது யூன், யூலை வேலை. ஒரு சதுர அடிக்கு மேல் உக்கியிருந்தால் மேல் தகட்டை வெட்டித் திறக்கத்தான் வேண்டும்.

என்ன பசை போடுறது? கடையில பத்து விதம் நிக்குது.

கழற்றிப் பூட்டும் சாமான்களுக்குப் பியூற்றைல் நாடா. காயாது, இழுபடும், பத்து வருடம் கழித்தும் கழற்றலாம். துளையின் மேல் விளிம்பைக் கொஞ்சம் சரிவாகச் செதுக்கிவிட்டு ஆணியைச் சுற்றி உருட்டி வையுங்கள். ஒரே நாளில் முழுதாக இறுக்க வேண்டாம், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. இறுக்கும்போது ஆணித்தலை சுற்றக்கூடாது, கீழே நட்டைத்தான் சுற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. என் மகள் மேலே திருப்புளியோடு, நான் பெட்டிக்குள் தலைகீழாக.

பொலிசல்ஃபைட்டும் நல்லதுதான், ஆனால் பிளாஸ்ரிக் சாமானில் பட்டால் அரிக்கும். 5200 என்ற எண்ணில் விற்கும் பசை நிரந்தரமாகப் பிடிக்கும். பின்னால் கழற்றினால் தளமும் சேர்ந்து வரும். சிலிக்கோன் வேண்டவே வேண்டாம், அது பட்ட இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது.

வின்ச் கறகறக்குது, சில நேரம் பின்னுக்குச் சுத்துது.

பின்னுக்குச் சுற்றுவது ஆபத்து. பாயின் இழுவையில் கைப்பிடி திரும்பி வந்தால் மணிக்கட்டு முறியும். உள்ளே பற்களில் விழுந்து பிடிக்கும் சின்ன நாக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு மயிரிழை ஸ்பிறிங். அங்கே யாரோ தடித்த கிறீஸ் பூசியிருப்பார்கள், அது கெட்டியாகி நாக்கு ஒட்டிவிட்டது.

ஒரு காட்போட் பெட்டியின் அடியில் வின்ச் அளவுக்கு ஓட்டை வெட்டி, வின்சைச் சுற்றி மாட்டிவிட்டுத் திறவுங்கள். ஸ்பிறிங் துள்ளினால் பெட்டிக்குள் விழும், இல்லாவிட்டால் ஏரிக்குள் போகும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். பல்லுகளுக்கு மெல்லிய பூச்சாகக் கிறீஸ், நாக்குகளுக்கு ஒயில் ஒரு துளி மட்டும். நாக்கை விரலால் அமுக்கி விட்டால் "கிளிக்" என்று உடனே வெளியே வர வேண்டும். பழைய பாரியன்ற் வின்ச் செய்த கம்பனி இப்போது இல்லை, ஆனால் நன்றாகப் பராமரித்தால் அது இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடும்.

கொக்பிற்றில எஞ்சின் மீற்றர்ப் பலகை மங்கிப் போச்சு. கண்ணாடியை மட்டும் மாத்தினாப் போதுமோ?

பலகையைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பழைய படகுகளில் அம்பியர் மீற்றர் இருக்கும். மின்கலம் ஏற்றும் மின்சாரம் முழுதும் எஞ்சினிலிருந்து அந்த மீற்றர் வரை வந்து திரும்பிப் போகும். ஐம்பது வருட வயர், துருப்பிடித்த முனை, அதில் அவ்வளவு மின்சாரம்: முனை சூடேறி உருகும். என் பலகையில் ஒரு முனையின் பிளாஸ்ரிக் கறுத்துக் கருகியிருந்தது. பெற்றோல் படகில் இதற்கு இடமே கொடுக்கக்கூடாது.

அம்பியர் மீற்றரை எடுத்துவிட்டு வோல்ற் மீற்றர் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் எல்லாம் சரி. காற்றூதியின் சுவிச்சை எஞ்சின் சாவிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், கை தானாக அங்கே போகும்.

கொக்பிற்றில விழுற மழைத்தண்ணி போற குழாய் நல்லாத்தான் இருக்கு. அதையும் பாக்கோணுமோ?

எஞ்சினுக்கும் முன்னால் அதைப் பாருங்கள். அந்தக் குழாயின் மறுமுனை பல படகுகளில் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துளையில் முடிகிறது. குழாய் வெடித்தால் நீங்கள் வீட்டில் நித்திரையில் இருக்கும்போது படகு துறையிலேயே தாழும். அமுக்கினால் வெடிப்புக் காட்டும் குழாயை மாற்றுங்கள், முனைக்கு இரண்டு வளையம் போட்டு இறுக்குங்கள், அடிவால்வு கையால் மூடித் திறக்கிறதா என்று பாருங்கள். தோட்டக் குழாய் வால்வு மாதிரி சுற்றித் திறக்கும் பித்தளை வால்வு இருந்தால், கரையேற்றிய முதல் நாளே கழற்றி எறியுங்கள். பித்தளை தண்ணீருக்குள் இருந்து உதிர்ந்து போகும். மூடியது மாதிரிக் காட்டும், மூடியிருக்காது.

குளிர்காலத்துக்குப் பிங்க் தண்ணி விட்டனான். பிறகும் எஞ்சின் வெடிச்சுப் போச்சு. ஏன்?

தண்ணீர் உறையாமல் காக்க விடும் அந்தப் பிங்க் திரவம் உள்ளே போகவில்லை. எஞ்சின் குளிராக இருக்கும்போது தேர்மோஸ்ராற் மூடியிருக்கும். நீங்கள் விட்ட திரவம் சுற்றுவழியால் புகைக்குழாய்க்குப் போய் வெளியே வந்திருக்கும். நிறத்தைப் பார்த்து நீங்கள் திருப்திப்பட்டிருப்பீர்கள். எஞ்சின் உடம்புக்குள் ஏரித் தண்ணீர் அப்படியே நின்று உறைந்து விரிந்தது.

முதலில் வடிகால் ஆணிகளைக் கழற்றித் தண்ணீரை முழுதாக வடியுங்கள். ஆணியை எடுத்தும் தண்ணீர் வராவிட்டால் துரு அடைத்திருக்கிறது, கம்பியால் குத்துங்கள். தேர்மோஸ்ராற்றைக் கழற்றிவிட்டுப் பிறகு திரவத்தை ஓடவிடுங்கள். புகைப்பெட்டியில் நிற்கும் தண்ணீரையும் மறக்க வேண்டாம். ஒயிலை இலையுதிர் காலத்திலேயே மாற்றுங்கள், அழுக்கு ஒயிலோடு ஆறு மாதம் விட வேண்டாம்.

எல்லாம் செய்து முடிச்சன். ஆனா பின்னுக்குப் போக்கேக்க லீவரைக் கையால பிடிச்சுக்கொண்டே நிக்கவேண்டியிருக்கு. விட்டா நியூற்றலுக்கு வருது. கியர் பழுதோ?

பழுதில்லை, இந்த எஞ்சினின் கியர் அப்படித்தான். முன்னுக்குப் போட்டால் பூட்டிக்கொள்ளும். பின்னுக்கு ஒரு பட்டை இறுகி நிற்கும் வரைதான் வேலை செய்யும், அதைக் கையால் பிடித்திருக்க வேண்டும். பிடித்தும் வழுக்கினால் மட்டும் பட்டையைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த எஞ்சினுக்கு நேரடியாகப் பூட்டும் சுழல்விசிறி இடம்புறம் சுற்றுவது. பின்னுக்குப் போகும்போது படகின் பின்பக்கம் வலப்பக்கம் இழுக்கும். அதனால் துறையில் உங்கள் இடம் வலப்பக்கமாக அமைந்தால், மெதுவாக உள்ளே வந்து கடைசியில் லீவரைப் பின்னுக்குப் பிடியுங்கள். படகு நிற்கும்போதே பின்பக்கமும் தானாகத் துறையோடு போய் ஒட்டும்.